நட்சத்திரத்தில் வந்தவர்கள்

இறால் கம்பெனி எங்கள் நல்லதண்ணிக் கிணற்றைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டுப் பூட்டிய வருஷத்தில்தான் சிப்பிக்காட்டு ஜனங்களைத் தாலுகா ஆபீஸ் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. உப்பளத்தில் குனிந்து நின்றவர்கள் நிமிர்ந்தபோது தாசில்தார் அறைக்கு முன்னால் நின்றார்கள், அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர்கள் அடுத்த மூச்சை ஆபீஸ் வராந்தாவில் விட்டார்கள், பாதி முகம் சவரம் செய்திருந்த முத்துமாலை மீதி முகத்தில் நுரையோடு வந்து சேர்ந்தான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். அந்தப் பயணம் அவர்களுக்கு இல்லாமல் போயிற்று.

என்னை மட்டும் அது இழுக்கவில்லை. அதற்கும் காரணம் உண்டு.

எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் மனு எழுதினால் ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் எழுதுவதில்லை. மேலே எவன் பெயர் இருக்கிறதோ அவனுக்கு மறுநாள் அளத்தில் வேலை இருக்காது என்பதை முதலாளிகள் எங்கள் வயிற்றில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே தாளின் நடுவே ஒரு நட்சத்திரம் போட்டு, அதைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்து வைப்போம். வட்டத்தில் முதல் ஆளும் கிடையாது, கடைசி ஆளும் கிடையாது. எழுதுகிறவன் நான், ஆனால் நான் கையெழுத்து வைப்பதில்லை, வைத்தால் வெளி ஆள் தூண்டிவிட்டான் என்று ஒரே வரியில் மனுவைக் குப்பையில் போடுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில். முன்பக்கம் படிப்பதற்கு, பின்பக்கம் சிறையில் எழுதுவதற்கு. அந்தப் படிப்புக்குக் குறைந்தவன் என்று எவனும் இதுவரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கிணறு எதற்கு என்று கேட்பவர்கள் உப்பளத்தில் நின்று பார்த்ததில்லை. நாள் முழுக்க உப்புநீரில் நிற்கிற கால் வெடிக்கும். வெடித்த இடத்தில் உப்பு ஏறும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவினால் புண் ஆறும், கழுவாவிட்டால் அது எலும்பைத் தேடி உள்ளே போகும். லாரித் தண்ணீர் குடிப்பதற்கே எட்டவில்லை. பட்டுக்கனி என்கிற எங்கள் சங்கத்துக்காரி, மகளைக் கட்டிக்கொடுத்தவள், அந்த வருஷம் செருப்புப் போட முடியாமல், காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாயாடி. கிணற்று மனுவை எழுத வைத்ததே அவள்தான்.

தாலுகா ஆபீசில் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண் சொர்ணலதா. மனு கொடுத்தவர் பெயரையே கோப்புக்குப் பெயராக வைக்க வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு. எங்கள் தாளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறாள், யாரை முதலாக எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் நடுவில் இருந்ததையே தட்டிவிட்டாள்: ஒரு நட்சத்திரம். கோப்பின் பெயரில் இந்தக் குறியெல்லாம் ஆகாது என்று தினமும் சொல்லித் தடுக்கிற இயந்திரம், அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டது.

அந்த ஆபீசில் யாரும் முழுப் பெயரையும் தட்டித் தேடுவதில்லை. முதல் எழுத்தைத் தட்டி ஒரு நட்சத்திரம் போடுவார்கள்; இதற்குப் பிறகு எது இருந்தாலும் சரி, எல்லாவற்றையும் கொண்டுவா என்று அதற்கு அர்த்தம். சொர்ணலதா யாருடைய வாரிசுச் சான்றிதழையோ தேட நட்சத்திரத்தைத் தட்டினாள். வட்டத்தில் கையெழுத்து வைத்த அத்தனை பேரும் வந்து நின்றார்கள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

"நல்லாருக்கே. கூப்பிட்டது நீ. நீதான் சொல்லணும்" என்றாள் பட்டுக்கனி, கையில் உப்பு வாரும் பலகையோடு.

செய்தி கேட்டு நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது என் கூட்டம் டீ குடித்து முடித்திருந்தது. வாழ்நாளெல்லாம் நான் கூட்டிய ஆர்ப்பாட்டங்களில், மைக் செட்டுக்காரனையும் உளவுப் போலீசையும் சேர்த்தால்கூட ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடும் கூட்டமே வந்தது. வா, வா என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினால், கல்யாணம் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, ஆடு சினையாக இருக்கிறது என்பார்கள். இப்போது ஒரு பெண் ஒரு விரலால் தட்டினாள், ஊர் முழுக்க வந்து நின்றது. நான் கடைசி ஆளாக வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தேன். "வாங்க அண்ணாச்சி, இப்பத்தான் வர்றிய?" என்று முத்துமாலை விசாரித்தான்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. எங்கள் ஜனம் எதற்குத்தான் பழகவில்லை. யாரும் உடுதுணி இல்லாமல் குளிப்பதில்லை என்று ஆயிற்று. பனை ஏறுகிறவர்கள் ஆபீஸ் நேரத்தில் ஏறுவதை விட்டார்கள். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சமைத்தார்கள், அப்படிக் கட்டியிருந்தால் பிள்ளையும் கூடவே வந்தது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை வீட்டில் தொடங்கி ஆபீஸ் வராந்தாவில் முடிந்தது. சிலதைத் தலைமை எழுத்தரே தீர்த்து வைத்தார். கொண்டுபோவது இயந்திரத்தின் வேலை, திருப்பிக் கொண்டுவிடுவது அதன் வேலை அல்ல என்பதால், மாலையில் எல்லோரும் பஸ் ஏறினார்கள், கண்டக்டர் "இன்னைக்கு நட்சத்திரமா? உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்லப் பழகினார். சொர்ணலதாவுக்கு ஏதாவது ஒரு பெயரில் ஓர் எழுத்து சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுவாள், அப்போது ஊரிலிருந்து யாராவது ஒரே ஒரு ஆள் மட்டும் வருவார். அது பெரும்பாலும் முத்துமாலையாக இருந்தது. ஏன் என்று அவனும் கேட்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டை அந்த ஆபீஸ்காரர்களோடு பங்கு போட்டுக்கொண்டான்.

சுடலைமாடன் கோயில் மதியக் கொடை விழாவில் அருள் வந்து ஆடிக்கொண்டிருந்த சாமியாடியை அது ஒருதரம் அப்படியே எடுத்துக்கொண்டது. கையில் வல்லய ஈட்டியும் இடுப்பில் சல்லடக் கச்சையுமாக வந்து இறங்கிய சாமி, தாசில்தார் மேஜையில் ஓங்கி அடித்து, "ஏல, வேலிய எடுல!" என்றது. தாசில்தார் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, கைகட்டித் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். வேலி இருந்த இடத்தில் இருந்தது.

ஆபீசும் பழகிக்கொண்டது. அதுதான் எனக்கு உறுத்தியது. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு, நட்சத்திரத்தில் வந்தவர்கள் இங்கே அமரவும் என்று பலகை மாட்டினார்கள். வந்ததே வந்தீர்கள் என்று ரேஷன் கார்டில் கைரேகை வைக்கச் சொன்னார்கள், கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள். நான் நடுவில் நின்று கிணற்றைத் திற என்று கோஷம் போட்டால் ஜனமும் போட்டது, ஆனால் கைரேகைக்குப் பெயர் கூப்பிட்டால் பாதிக் கோஷத்தில் எழுந்து போனது. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, "இவங்க மேல என்ன செக்ஷன் போட? யாரும் வரணும்னு வரலியே" என்று சொல்லித் திரும்பிப் போனார். தாசில்தார் மேலிடத்துக்கு எழுதியது இரண்டே வார்த்தை: இயந்திரக் கோளாறு. ஆயிரம் வயிறு ஒன்றாக வந்து நின்றாலும் அது அவர்களுக்குக் கோளாறு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அமைச்சர் வந்தார். பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் விழா. செலவு இறால் கம்பெனியுடையது. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. யாருக்கு அந்த யோசனை வந்ததோ, ஆபீஸ் கம்ப்யூட்டரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் மேடைக்குப் பின்னால் வைத்து, சொர்ணலதாவை நட்சத்திரத்தைத் தட்டச் சொன்னார்கள். மண்டபம் நிரம்பிவிட்டது. உப்பு காய்ந்த கால்களோடு எங்கள் ஜனம் கிணற்றைப் பூட்டியவன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவன் வாங்கிய மிக்சரைத் தின்று, முன்வரிசை கைதட்டியபோது தானும் தட்டியது. நான் மறுநாள் காலை பேப்பரில் படம் பார்த்தேன். பட்டுக்கனி நடுவில் இருந்தாள்.

அன்று சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டேன். "அந்த நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லி நாமளே மனுக் கொடுப்போம். இழுத்துட்டுப் போனா அது கூட்டம் இல்ல. இன்னைக்கு நமக்காக நிக்கும், நாளைக்கு எவன் பொத்தானை அமுக்குறானோ அவனுக்காக நிக்கும்."

"உங்கள மட்டும் எடுக்கலேன்னு வயித்தெரிச்சல் அண்ணாச்சி" என்றான் முத்துமாலை. கொட்டகையே சிரித்தது.

"வயித்தெரிச்சல்தான்டா. நான் கூப்பிட்டு வராத ஜனம், அவன் தட்டினா வருது. எரியாம என்ன செய்யும்?"

"இவர் சொல்லுதாருன்னு நட்சத்திரத்தை விட்டுட்டா பெறவு எவன் போவான் தாலுகா ஆபீசுக்கு? பஸ்ஸுக்குக் காசு, கூலி போச்சு, கால் வலி. இப்ப நோகாமப் போறோம்லா" என்றாள் பட்டுக்கனியின் நாத்தனார் லிங்கத்தங்கம்.

பட்டுக்கனி சிரிக்கவில்லை. "நோகாமப் போயி என்னத்தக் கண்டோம் மதினி? அந்தாளுக்குக் கைதட்டினது என் கைதான். தட்டணும்னு நெனைக்கல. பக்கத்துல தட்டினாவ, கூடவே போயிருச்சு. வீட்டுக்கு வந்து கையப் பாத்தா ஒரு மாதிரி இருந்துச்சு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் தெரியல. புண்ணு ஆறல, அது தெரியுது."

ஒரு முடிவும் எடுக்காமல் கூட்டம் கலைந்தது. என் கூட்டங்கள் பெரும்பாலும் அப்படித்தான் கலையும். விட்டுவிடுகிறவன் நான் அல்ல. மறுநாளே அடுத்த கூட்டத்துக்குத் துண்டுப் பிரசுரம் அடிக்கக் கொடுத்தேன்.

அதற்குள் கம்பெனிக்கு உரிமத்தைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. கிணற்றின்மேல் ஒரு மனு நிலுவையில் இருக்கிற வரைக்கும் புதுப்பிக்க முடியாது. மனுவை முடிக்க வேண்டுமானால் முதலில் கோப்பை எடுக்க வேண்டும். அதன் பெயரோ நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தட்டினால் தாலுகாவில் உள்ள அத்தனை கோப்பும் திரையில் கொட்டியது, எங்கள் அத்தனை பேரும் வராந்தாவில் கொட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் ஆகிவிட்டதால் அந்த ஒன்றை மட்டும் பிடிக்க வழியில்லை. தலைமை எழுத்தர் தேடிப் பார்த்தார், தாசில்தாரே உட்கார்ந்து தேடிப் பார்த்தார். தேடத் தேட ஜனம் வந்தது, கொட்டகை பிதுங்கியது, டீக்கடைக்காரன் இரண்டாவது பாய்லர் வாங்கினான்.

கம்பெனி மேனேஜர் சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியரைக் காரில் கூட்டிவந்தார். அந்த ஆள் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. நட்சத்திரத்துக்கு எல்லாம் என்று அர்த்தம் வைத்துக்கொள்வது இயந்திரத்தின் பழக்கம், அதற்கு முன்னால் அலை மாதிரி வளைந்த ஒரு சின்னக் குறியைப் போட்டால் அது நட்சத்திரத்தை வெறும் நட்சத்திரமாகவே பார்க்கும் என்று சொல்லிக்கொண்டே தட்டினார். திரையில் ஒரே ஒரு கோப்பு வந்தது. வராந்தாவில் யாரும் வரவில்லை. கொட்டகையில் ஒரு நாய் படுத்திருந்தது. சொர்ணலதாதான் இதைப் பிறகு எங்களிடம் சொன்னாள்.

"இப்ப இதுக்கு ஒரு பேர் வைங்க சார். ஒரு ஆள் பேர்" என்றாராம் இன்ஜினியர்.

தாசில்தார் தாளைத் திருப்பினார். வட்டத்துக்கு மேல் கீழ் கிடையாது; ஏதாவது ஒரு பெயர் நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் திருப்பினார். பட்டுக்கனி என்று நிமிர்ந்து நின்றது. அந்தப் பெயரை வைத்து, அந்தப் பெயரையே தேடச் சொன்னார்.

அப்போது நான் உப்பளத்தில் பிரசுரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பட்டுக்கனி அதைக் கையில் வாங்கி, "இதுலயும் கடைசியில மூணு ஆச்சரியக்குறியா அண்ணாச்சி? ஒண்ணு போட்டா வீரம் பத்தாதோ?" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே இல்லாமல் போனாள். அவளுடைய பலகை உப்பில் சாய்ந்தது. வழக்கப்படி எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்து, கூந்தலை முடிந்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, வரப்போகிற இழுப்புக்காக நின்றார்கள். வெயில் அடித்தது. ஒன்றும் வரவில்லை.

"என்னவே, நம்மள எடுக்கல?"

"கொஞ்சம் பொறும். லைன் மெதுவா இருக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். பாத்தியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. லிங்கத்தங்கம் சாய்ந்து கிடந்த பலகையை எடுத்து நேராகக் குத்தி வைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, அடுத்த பஸ் எத்தன மணிக்கு?"

இத்தனை வருஷத்தில் இந்த ஒரு கேள்வியை இந்த ஊரில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நேரம் மனப்பாடமாக இருந்தது. போகிற பஸ்ஸை இந்த ஊரில் நான் ஒருவன்தானே பிடித்துக்கொண்டிருந்தேன். "பன்னிரண்டே கால். ஓடினா பிடிச்சுரலாம்."

அளத்துக் கணக்கப்பிள்ளை வரப்பில் நின்று கத்தினார். "போறவன் பேரெல்லாம் எழுதுவேன்! நாளைக்கு வேலை கிடையாது, பாத்துக்கிடுங்க!"

"எழுதும்வே. ஒருத்தரையும் விட்டுராதயும்" என்றான் முத்துமாலை. கேள்விக்குறிக்குத் தனியாகப் போய்ப் பழகியிருந்த அந்தப் பயல்தான் முன்னால் ஓடினான்.

பஸ் கொள்ளவில்லை. ஏறியவர்கள் ஏறினோம், ஏறாதவர்கள் சைக்கிளில் வந்தார்கள், மீன் வண்டியில் வந்தார்கள், நெடுஞ்சாலையில் நடந்தே வந்தார்கள். கண்டக்டர் பழக்கத்தில் "நட்சத்திரமா?" என்று கேட்டுவிட்டு, பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

அங்கே பட்டுக்கனி தாசில்தார் அறையில் தனியாக நின்றாள். தனியாக அவள் அதுவரை எந்த ஆபீசிலும் நின்றதில்லை. மேனேஜர் மிகவும் மரியாதையாகப் பேசினாராம். உட்காரும்மா என்றார், காபி சொல்லட்டுமா என்றார்.

"காபி வேண்டாம். நல்ல தண்ணி இருந்தாத் தாங்க."

பெரிய கேனிலிருந்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தார்கள். அவள் குடிக்கவில்லை. வராந்தா ஓரத்துக்கு நடந்து போய், கால் துணியை அவிழ்த்து, நிதானமாகக் கழுவினாள். "இன்னொரு சொம்பு" என்றாள். கொடுத்தார்கள். அதையும் காலில் ஊற்றினாள். தாசில்தார் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் புண்ணைப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

"உன் வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு பைப் போட்டுத் தர்றோம்மா. நாள் பூராத் தண்ணி வரும். மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு இதுல ஒரு கையெழுத்து" என்றார் மேனேஜர்.

"எம் மனு இல்லியே அது."

"உன் பேர்லதான இருக்கு? ஸ்கிரீனைப் பாரு."

அவள் பார்த்தாள். தன் பெயர் மட்டும் தனியாக வெள்ளையில் நின்றது. அப்போதுதான் பயம் வந்தது என்று பிறகு சொன்னாள். பைப்பும் ஆசையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும் என்றாள். கால் நனைந்த இடத்தில் எரிச்சல் அடங்கியிருந்தது. தினமும் இப்படி என்றால் ஒரு மாதத்தில் செருப்புப் போடலாம். பேனாவைக் கையில் வாங்கினாள். வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எம் பொண்ணு எங்கூடத்தான் அளத்துக்கு வர்றா. அவ புருஷன் வீடு அடுத்த தெரு. அங்க பைப் வருமா?"

"அதெல்லாம் பிறகு பேசிக்கலாம்."

"அவ மாமியா?"

"ஏம்மா, ஊருக்கே போட முடியுமா?"

"அதத்தான் மனுவுல எழுதியிருக்கு" என்று பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தாசில்தார் அதட்டினார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. யாரும் வருவார்கள் என்று அவள் நம்பவும் இல்லை. நட்சத்திரம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும், பஸ் ஏறுகிற ஜனமா அது என்பதும் தெரியும். அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான்.

நாங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தோம். தகரக் கொட்டகையைத் திரும்பிப் பார்க்காமல் நேராக வராந்தாவில் ஏறினோம். வாசல் நிறைந்தது, படி நிறைந்தது, மரத்தடி நிறைந்தது, சைக்கிள்காரர்கள் வேலியோரம் வரிசையாகச் சாய்த்துவிட்டு வந்து நின்றார்கள். தாசில்தார் எழுந்து வந்து பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் கத்தினார்.

"யாரும்மா தேடினது? நட்சத்திரத்தை யார் தட்டினது?"

"யாரும் தட்டல சார்" என்றாள் சொர்ணலதா. "நான் கையவே வைக்கல."

"அப்ப எப்படி வந்தாங்க?"

அவள் எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பஸ்ல வந்திருக்காங்க சார்."

தாசில்தார் உட்கார்ந்துவிட்டார். எங்களை எத்தனையோ நாள் பார்த்த மனிதர், அன்றுதான் முதல் தரம் பார்ப்பது போலப் பார்த்தார். பட்டுக்கனி தரையிலிருந்து நிமிர்ந்து, "ஏம்வே இவ்வளவு நேரம்?" என்று முத்துமாலையை ஏசினாள், ஏசிக்கொண்டே அழுதாள்.

நாங்கள் எழுந்து போகவில்லை. பொழுது சாய்ந்தும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. நடந்து வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் இந்த முறை செக்ஷனைத் தேட வேண்டியிருக்கவில்லை. சட்டவிரோதமாகக் கூடியது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது என்று எல்லோர் மேலும் வழக்கு எழுதினார். முதல் எதிரி நான். அந்தத் தாளை வாசித்துக் காட்டியபோது, பெயர் விடுபட்டவர்கள் சண்டை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கோளாறு என்ற சொல்லை அதில் யாரும் எழுதவில்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தது, சர்வேயர் வந்தார், கிணறு புறம்போக்கில் இருக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாதது போல அளந்து சொன்னார்கள்.

சாவி சென்னையில் இருக்கிறது என்றது கம்பெனி. தாசில்தார் முன்னால் நின்று தலையாரியை விட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னார். வேலியை நாங்கள் சுருட்டி எடுத்தோம். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் பச்சையாகக் கட்டிக் கிடந்தது. இறால் தீவனச் சாக்குகள் மிதந்தன, ஒரு கொக்கு செத்து ஊறியிருந்தது, நாற்றம் மூக்கை அடைத்தது. நான் பேசுவதற்காகத் துண்டைத் தோளில் சரிசெய்தேன். முத்துமாலை என் கையில் ஒரு வாளியைத் திணித்துவிட்டுப் போனான்.

வரிசையாக நின்று இறைத்தோம். கணக்கப்பிள்ளை பெயர் எழுதிவிட்டதால் எங்களில் யாருக்கும் போக வேறு வேலை இல்லை. கயிறு கையை அறுத்தது, கை மாற்றினோம். அடியில் கறுப்புச் சேறு வந்தது, அதையும் அள்ளி வெளியே கொட்டினோம். சாயங்காலம் ஒரு பக்கத்தில் மெல்லிசாக ஊற்றுக் கசிந்தது. பட்டுக்கனி கால் துணியோடு உள்ளே இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, துப்பினாள்.

"இன்னும் இறைக்கணும்" என்றாள்.

இறைத்தோம்.